தேன், பால், எலந்தப்பழம்: பழைய பாட்டுகளில் யார் சாப்பிடுகிறார்கள்?

பழைய தமிழ் சினிமாப் பாட்டுகளில் இனிப்புக்குப் பஞ்சமே இல்லை. முதல் வரியிலேயே தேன் சொட்டும், பால் வழியும், பழம் கனிந்திருக்கும். ஆனால் கொஞ்சம் நின்று கவனித்தால் ஒரு விஷயம் உறுத்தும். 1950, 60-களின் காதல் பாட்டுகளில் இனிப்பு உண்டு, பலகாரம் கிடையாது. லட்டு, ஜிலேபி, மைசூர்பாகு இல்லைன்னா கூடப் பரவாயில்லை, அதெல்லாம் மிட்டாய்க்கடைச் சரக்கு என்று விட்டுவிடலாம். அதிரசம், பணியாரம், சர்க்கரைப் பொங்கல்கூட அங்கே தலைகாட்டுவது மிக அரிது. அடுப்பில் ஏறிய எதற்கும் காதலர் பாட்டில் இடமில்லை.

அதே காலத்து ஆங்கில பாப் பாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தி கார்டெட்ஸ் பெண்கள் பாடிய 'லாலிபாப்' 1958. ஜமைக்காவிலிருந்து வந்த மில்லி ஸ்மாலின் 'மை பாய் லாலிபாப்' 1964. தி ஆர்ச்சீஸ் என்ற கார்ட்டூன் குழுவின் 'சுகர், சுகர்' 1969. அந்த வருடத்தின் பில்போர்டு பட்டியலில் அதுதான் முதலிடம். அங்கே இனிப்பு என்றால் கடையில் காசு கொடுத்து வாங்குவது, காகிதத்தில் சுற்றியிருப்பது. அந்த வகைப் பாட்டுக்கே 'பபிள்கம் பாப்' என்று பெயர். காதலன் ஒரு மிட்டாய், காதலி ஒரு மிட்டாய், அவ்வளவுதான். ஆர்ச்சீஸின் இசைத்தட்டை காலை உணவுப் பெட்டியின் அட்டையிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். பாட்டும் தின்பண்டமும் ஒரே அலமாரிச் சரக்கு.

நம்ம ஊரில் அப்படி நடக்கவில்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டே பழைய பாட்டுகளை வரிசையாகக் கேட்டபோது, கேள்வி கொஞ்சம் மாறியது. என்ன இனிப்பு என்பதை விட, அந்த இனிப்பை யார் சாப்பிடுகிறார்கள் என்பது முக்கியமாகப் பட்டது. இந்தக் கட்டுரை அதைப் பற்றி.

தலைப்பு என்பது முதல் வரி

முதலில் ஒரு விளக்கம். ஆங்கிலப் பாட்டுக்குத் தலைப்பு என்று தனியாக ஒன்று உண்டு. இசைத்தட்டின் மேல் ஒட்டிய லேபிளில் இருக்கும். தமிழ்ச் சினிமாப் பாட்டுக்கு அப்படித் தலைப்பு கிடையாது. பல்லவியின் முதல் சில சொற்கள்தான் அதன் பெயர். தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் அப்படித்தான் தேடுவோம். வானொலியிலும் அப்படித்தான். 1952-ல் மத்திய அமைச்சர் கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டைக் கட்டுப்படுத்தியபோது, கேட்பவர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். அந்த அறிவிப்பாளர் சொல்லும் பெயர்தான் பாட்டின் முகவரி. இன்றைக்கு யூட்யூபில் தேடும்போதும் முதல் இரண்டு வார்த்தையைத்தான் தட்டுகிறோம்.

இதனால் முதல் சொல்லுக்குக் கூடுதல் சுமை வந்துவிடுகிறது. பாட்டு எதைப் பற்றியது என்று சொல்ல வேண்டும், மெட்டில் உட்கார வேண்டும், கேட்டவுடன் நாக்கில் நிற்க வேண்டும். தேன், பால், கனி போன்றவை ஒன்றிரண்டு எழுத்தில் முடிந்துவிடும் சொற்கள். மெட்டின் முதல் அடி எங்கே விழுந்தாலும் பொருந்தும். இசையமைப்பாளருக்கு இதைவிட வசதியான சொல் கிடைக்காது. ஆகவே இனிப்பின் ஆட்சிக்குப் பாதிக் காரணம் இலக்கணம்தான். மீதிப் பாதி என்ன என்பதுதான் சுவாரஸ்யம்.

வண்டு சாப்பிடுகிறது, நாயகன் பார்க்கிறான்

'அமர தீபம்' (1956) படத்தில் ஏ.எம்.ராஜாவும் பி.சுசீலாவும் பாடிய 'தேன் உண்ணும் வண்டு' பாட்டை எடுத்துக்கொள்வோம். பெயரிலேயே சாப்பாடு நடக்கிறது. ஆனால் சாப்பிடுவது வண்டு. ஆறு வருடம் கழித்து ஸ்ரீதரின் 'சுமைதாங்கி' (1962). பி.பி.ஸ்ரீநிவாஸும் எஸ்.ஜானகியும் பாடிய 'மாம்பழத்து வண்டு'. இங்கேயும் பழம் உண்டு, உண்பது வண்டு. மாம்பழத்தை வெட்டும்போது கொட்டைக்குள்ளிருந்து உயிரோடு ஒரு வண்டு எட்டிப் பார்ப்பது, ருமானியும் பங்கனப்பள்ளியும் வாங்கிய எல்லா வீட்டிலும் நடந்திருக்கும். கண்ணதாசன் அந்தச் சமையலறை அதிர்ச்சியை அப்படியே எடுத்துக் காதலாக்கிவிட்டார். வெளியிலிருந்து பறந்து வந்து குடித்துவிட்டுப் போகும் வழக்கமான வண்டு இல்லை இது. பழத்துக்கு உள்ளேயே பிறந்து குடியிருப்பது. அந்த ஒரு மாற்றத்துக்காகவே இந்தப் பாட்டை மற்ற தேன் பாட்டுகளுக்கு மேலே வைப்பேன்.

வண்டைத் தூது விடும் பழக்கம் சினிமா கண்டுபிடித்தது இல்லை. குறுந்தொகையின் இரண்டாவது பாட்டில் இறையனார் தும்பியைக் கூப்பிட்டுத்தான் காதலியின் கூந்தல் மணத்தைப் பற்றிக் கேட்கிறார். 'திருவிளையாடல்' (1965) படத்தில் நாகேஷ் தருமியாக வந்து அரசவையில் அவமானப்படுவது அந்தப் பாட்டை வைத்துத்தான். இரண்டாயிரம் வருடப் பழக்கம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சினிமாவில் அதற்கு ஒரு புது வேலை கிடைத்தது. நாயகன் வாயைத் திறக்காமலே ருசி பார்த்துவிட வண்டு வசதி செய்து கொடுத்தது. தணிக்கைக்கும் தொந்தரவு இல்லை, குடும்பத்தோடு பார்ப்பவர்களுக்கும் தொந்தரவு இல்லை.

1961-ல் ஸ்ரீதர் காஷ்மீருக்குப் போய் எடுத்த படத்தின் பெயரே 'தேன் நிலவு'. ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழாக்கியது. அது ஒட்டாமல் போகவில்லை, ஏனென்றால் தேனும் நிலவும் ஏற்கெனவே நம் பாட்டுகளில் பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் இருந்தன. 1973-ல் ஜி.கே.வெங்கடேஷ் இசையில் 'பொன்னுக்கு தங்க மனசு' படத்தின் 'தேன் சிந்துதே வானம்' வரும்போது, தேன் பூவை விட்டே போய்விட்டது. வானம் சிந்துகிறது. அழகான பாட்டு, சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தேனை யாரும் நக்க முடியாது. சொல் முழுக்கக் காற்றாகிவிட்டது.

பாலும் பழமும்: ஒரு தட்டு, இரண்டு அறை

இந்த வகையில் எனக்குச் சிறந்ததாகப் படுவது 'பாலும் பழமும்' (1961). பீம்சிங் இயக்கம், விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் வரிகள், டி.எம்.சௌந்தரராஜன் குரல். அந்தப் பெயரைக் கேட்டவுடன் தமிழ்க் காதுக்கு என்ன தோன்றும்? கல்யாணம் முடிந்து பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் கொடுக்கும் பாலும் பழமும். அல்லது முதலிரவு அறையில் வைத்திருக்கும் தட்டு. ஆனால் படத்தில் அது ஒலிக்கும் அறையில் மனைவி காசநோயோடு படுத்திருக்கிறாள். புற்றுநோய்க்கு மருந்து தேடும் டாக்டரான கணவன் பக்கத்தில் இருக்கிறான். பாலும் பழமும் நோயாளிக்குக் கொடுக்கும் ஆகாரமும்தானே! ஒரே தட்டு, இரண்டு அறைகளுக்கும் போகிறது.

இங்கே கண்ணதாசன் சொல்லை வளைக்கவில்லை, சிலேடை போடவில்லை. நம் வீட்டுப் பழக்கத்தில் ஏற்கெனவே இருந்த இரட்டை அர்த்தத்தை இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டார். அடுத்த வருடமே 'பலே பாண்டியா'வில் 'அத்திக்காய்' பாட்டில் காய்களை வைத்து வார்த்தை விளையாட்டு ஆடினார். ஒவ்வொரு 'காய்'க்கும் ஒரு புது அர்த்தம். கேட்கக் கேட்க வியப்பு. ஆனால் அந்தக் காய்கள் எதுவும் கூடையிலிருந்து வந்தவை இல்லை, அகராதியிலிருந்து வந்தவை. 'பாலும் பழமும்' தட்டில் இருப்பதோ தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள். கெட்டிக்காரத்தனத்தில் 'அத்திக்காய்' ஜெயிக்கும், மனசில் நிற்பதில் 'பாலும் பழமும்' ஜெயிக்கும்.

பலகாரம் தமிழுக்குப் புதுசா?

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரலாம். "லட்டு, ஜிலேபி எல்லாம் வடக்கத்திப் பெயர், தமிழ்க் கவிதையில் ஒட்டாது. அதனால்தான் கவிஞர்கள் தேனோடு நின்றுவிட்டார்கள்." கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் நிற்காது.

மதுரைக்காஞ்சியில் இரவு நேரக் கடைத்தெரு வருகிறது. தேனடை மாதிரி மெல்லிய அடை, பாகு, உள்ளே பூரணம் வைத்துப் பிடித்த மோதகம், எல்லாம் அங்கே உண்டு. அவற்றை விற்கும் கூவியர் வியாபாரம் முடிந்து உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார்கள். பண்டமும் இருக்கிறது, அதைச் செய்த ஆளும் இருக்கிறார், அவர் களைப்பும் இருக்கிறது.

ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொள்கிறாள். திருப்பாவையின் இருபத்தேழாம் பாட்டில் பால்சோற்றின் மேல் ஊற்றிய நெய் முழங்கை வரை வழிய, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஔவையார் நல்வழியின் காப்புச் செய்யுளில் பால், தேன், பாகு, பருப்பு நாலையும் விநாயகரிடம் கொடுத்துப் பதிலுக்குத் தமிழை வாங்கிக்கொள்கிறார், சுத்தமான பண்டமாற்று. வள்ளலாரின் திருவருட்பாவில் ஒரு பாட்டு கிட்டத்தட்ட சமையல் குறிப்பு. முக்கனியைப் பிழி, வடிகட்டு, சர்க்கரையும் கற்கண்டுப் பொடியும் கல, தேன் விடு, பசும்பாலும் தேங்காய்ப்பாலும் சேர், பருப்புப் பொடி தூவு, நெய் விட்டு இளஞ்சூட்டில் இறக்கு. அந்தக் கட்டியை விட இறைவன் இனிப்பவன் என்று முடிக்கிறார். அளவு மட்டும் கொடுத்திருந்தால் நாமே செய்து பார்த்துவிடலாம்.

ஆக, அடுப்பும் கரண்டியும் வழியும் நெய்யும் தமிழ்க் கவிதைக்குப் பழக்கமானவைதான். சினிமாப் பாட்டு வந்த பிறகுதான் சமையலறைக் கதவு சாத்தப்பட்டது. யார் சாத்தினார்கள்?

அடுப்பில் ஏறாத பண்டம்

என் ஊகம் இது. தேன், பால், பழம் மூன்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு: இவற்றை யார் கையிலிருந்தும் யாரும் வாங்கிக்கொள்ளலாம். ஆசாரம் பார்த்த காலத்தில், ஒரு வீட்டில் சாதம் சாப்பிட மாட்டேன் என்றவர்கள்கூட அந்த வீட்டில் பாலும் பழமும் வாங்கிக்கொள்வார்கள். வேகவைத்தது என்றால் உடனே கேள்வி வந்துவிடும்: யார் சமைத்தது, எந்தப் பாத்திரம், யார் வீடு. 'பலகாரம்' என்ற சொல்லுக்கே மூலம் 'பலம்' என்ற பழமும் 'ஆகாரமும்' சேர்ந்ததுதான். விரத நாளில் சாதத்துக்குப் பதிலாகச் சாப்பிடும் தீட்டில்லாத உணவு.

சினிமாவுக்குத் தேவைப்பட்டதும் அதுதான். ஒரே கொட்டகையில் தரை டிக்கெட்டும் சோபா டிக்கெட்டும் உட்கார்ந்திருக்கும். யாருக்கும் எந்தக் கேள்வியும் எழாத இனிப்பு வேண்டும். தேன் எந்தத் தெருவைச் சேர்ந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதிரசத்துக்கும் குழம்புக்கும் அப்படி ஒரு பொது முகம் கிடையாது. அதற்கு ஒரு வீடும், ஒரு கையும், ஒரு பேச்சு வழக்கும் உண்டு. காதலர்கள் எந்த வீட்டையும் சேராதவர்களாகத் தோட்டத்தில் பாடியதால், அவர்களுடைய இனிப்பும் எந்தச் சமையலறையையும் சேராததாக இருந்தது.

அப்படியானால் சமைத்ததை யார் சாப்பிட்டார்கள்? மரியாதை பற்றிக் கவலைப்பட வேண்டாதவர்கள்.

'மாயா பஜார்' (1957) படத்தின் 'கல்யாண சமையல் சாதம்' இந்த வகையில் மகாராஜா. பாடியவர் திருச்சி லோகநாதன், எழுதியவர் தஞ்சை என்.ராமையா தாஸ், கடோத்கஜனாக எஸ்.வி.ரங்காராவ். கௌரவர் வீட்டுக் கல்யாணத்துக்காகச் செய்து வைத்த பண்டங்களை, உடம்பைப் பெரிதாக்கிக்கொண்டு ஒருத்தனே காலி செய்கிறான். மார்கஸ் பார்ட்லேயின் கேமரா தந்திரம் இன்றைக்கும் குழந்தைகளை வாய் பிளக்க வைக்கிறது. நடுவே வரும் அந்தச் சிரிப்புக்கு 1922-ல் சார்லஸ் பென்ரோஸ் பதிவு செய்த 'சிரிக்கும் போலீஸ்காரர்' இசைத்தட்டின் சாயல் உண்டு என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தமிழ்ச் சினிமாவில் ஆசை தீரச் சாப்பிட்டுக்கொண்டே பாடிய மிகப் பிரபலமான பாட்டு ஓர் அரக்கனுடையது. அவனுக்கு இலை போட்டு யாரும் பரிமாறவில்லை. அடுத்தவன் பந்தியில் புகுந்து எடுத்துக்கொள்கிறான். அதனால்தான் பார்க்கிற நமக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒன்பது வருடம் கழித்துக் கே.பாலசந்தரின் 'மேஜர் சந்திரகாந்த்' (1966) படத்தில் 'கல்யாண சாப்பாடு' மறுபடி வருகிறது. வி.குமார் இசை, டி.எம்.எஸ். குரல், திரையில் தையல்காரராக நாகேஷ். இங்கே சாப்பாடு இன்னும் வரவில்லை, போடப்போவதாகச் சொல்கிற சாப்பாடு. சர்க்கரைக்கு ரேஷன் கடை வரிசையில் நின்ற காலம் அது. அடுத்த வருடத் தேர்தலே ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியைச் சுற்றி நடந்தது. அரக்கனுக்கு நிஜமாகவே கிடைத்த விருந்து, ஏழை அண்ணனுக்கு வாய்வார்த்தையில் மட்டும்தான்.

இரண்டு பழங்கள், ஓர் இசையமைப்பாளர்

இப்போது இந்தக் கட்டுரை எழுதக் காரணமான பாட்டுக்கு வருகிறேன். கே.எஸ்.கோபாலகிருஷ்ணனின் 'பணமா பாசமா' (1968). கே.வி.மகாதேவன் இசை, கண்ணதாசன் வரிகள், எல்.ஆர்.ஈஸ்வரி குரல், திரையில் விஜய நிர்மலா. பாட்டு 'எலந்தப்பழம்'. ஈஸ்வரி உச்சரிப்பில் 'எலந்தப் பயம்'.

இதே மகாதேவன் மூன்று வருடம் முன்னால் 'திருவிளையாடல்' படத்தில் இன்னொரு பழத்துக்கு இசையமைத்திருந்தார். மாம்பழம் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனை, ஔவையாராக வந்த கே.பி.சுந்தராம்பாள் சமாதானப்படுத்தும் 'பழம் நீயப்பா'. இரண்டு பாட்டுக்கும் பொருள் பழம். இரண்டிலும் ஒரு பெண், எதிரே இருப்பவரை நோக்கிக் குரலை உயர்த்துகிறாள். ஒன்றில் 'ழ' கோயில் மணி மாதிரி அடிக்கிறது. மற்றொன்றில் அந்த 'ழ' 'ய' ஆகிவிட்டது. முதல் பாட்டைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். இரண்டாவதைக் கேட்டு விசிலடித்தோம். அப்புறம் வீட்டுக்கு வந்து, விரசம் என்றோம்.

இரட்டை அர்த்தம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. இல்லை என்று வாதாடுவது பாட்டுக்கே அவமரியாதை. ஆனால் 'மாம்பழத்து வண்டு'க்கு என்ன அர்த்தம் என்று யாரும் முகம் சுளித்ததில்லையே! அங்கே இருப்பது ஜாடை என்றால் இங்கே இருப்பதும் ஜாடைதான். வித்தியாசம் பொருளில் இல்லை. ஒன்று தோட்டத்தில் பாடப்பட்டது, மற்றொன்று தெருவில். ஒன்றில் பெண் பழமாக இருக்கிறாள், மற்றொன்றில் பெண் பழத்தை விற்கிறாள். பழமாக இருப்பவளுக்குக் கவிதை கிடைத்தது, கூடையோடு நிற்பவளுக்குக் கெட்ட பெயர் கிடைத்தது. இதுதான் எனக்கு ஒப்பாத இடம்.

பாட்டைத் திரும்பக் கேட்டால் இன்னொன்றும் கவனிக்கலாம். அவளும் தன் சரக்கின் இனிப்பைத் தேனோடுதான் ஒப்பிடுகிறாள். தோட்டத்துக் காதலர்களின் அதே தேன்தான், ஆனால் இங்கே அது விளம்பரம். இந்தப் பழம் யாருக்கானது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறாள்: கையில் காசு அதிகம் இல்லாதவர்களுக்கு. இலந்தைக்குத் தோட்டம் கிடையாது, தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது. முள்ளுக்காட்டில் தானாகக் காய்க்கும், பொறுக்கியெடுத்தவள் விற்பாள். பழைய இனிப்புப் பாட்டுகளிலேயே பண்டத்தின் விலையும், விற்பவளும், வாங்குபவனும் ஒன்றாகத் தெரிவது அபூர்வமாக இங்கேதான். மதுரைக்காஞ்சியில் தூங்கிப்போன அந்தக் கூவியர் இனத்தில் ஒருத்தி இத்தனை நூற்றாண்டு கழித்துக் கண் விழித்துக் கத்துகிறாள் என்றுதான் எனக்குக் கேட்கிறது.

உலகத்தில் வேறு இடங்களில் இந்தக் கத்தலுக்கு மரியாதை கிடைத்திருக்கிறது. கியூபாவில் தெருவியாபாரியின் கூவலை வைத்துக் கட்டிய பாட்டுக்கு 'ப்ரெகோன்' என்றே ஒரு வகைப் பெயர் உண்டு. மொய்செஸ் சிமோன்ஸ் எழுதிய 'எல் மனிசெரோ', அதாவது வேர்க்கடலைக்காரன், 1930-ல் டான் அஸ்பியாசுவின் குழு நியூயார்க்கில் பதிவு செய்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அமெரிக்காவில் ரும்பா மோகத்தைத் தொடங்கிவைத்த பாட்டு என்று அதைச் சொல்வார்கள். கடலை விற்பவன் குரலில் ஒரு நாட்டின் இசையே வெளியே போனது.

1968-லேயே அமெரிக்காவில் ஓஹையோ எக்ஸ்பிரஸ் குழு 'யம்மி யம்மி யம்மி' என்று ஒரு பாட்டு வெளியிட்டது. காதல் வயிற்றுக்குள் இருப்பதாகச் சொல்லும் பபிள்கம் பாட்டு. கேட்க ஜாலியாக இருக்கும். ஆனால் அந்த இனிப்பை யார் செய்தார்கள், யார் விற்றார்கள் என்ற யோசனையே அதில் கிடையாது. தொழிற்சாலையிலிருந்து நேராக வாய்க்கு. அதே வருடத்து மெட்ராஸ் பாட்டில் கூடையின் கனம் இருக்கிறது. இரண்டில் எது வளர்ந்தவர்களுக்கான பாட்டு என்று கேட்டால், நான் தயங்காமல் கூடைக்காரியைக் காட்டுவேன்.

ஈஸ்வரியின் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1958-ல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் அவரைத் தனியாகப் பாட வைத்தவர் இதே மகாதேவன். 1961-ல் 'பாசமலர்' படத்தின் 'வாராய் என் தோழி' அவரைக் கல்யாண வீடுகளுக்குள் கொண்டுபோனது. ஆனாலும் அவருக்கு வந்தவை பெரும்பாலும் கிளப், கூத்து, தெரு. தேன் பாட்டெல்லாம் சுசீலாவுக்கு, கூடைப் பாட்டு ஈஸ்வரிக்கு. இது திறமையை அளந்து செய்த பங்கீடு என்று நான் நினைக்கவில்லை. எந்தக் குரல் எந்த வீட்டுக்குள் வரலாம் என்ற பங்கீடு.

அந்தக் கணக்கு எவ்வளவு ஆட்டம் காண்கிறது என்று பார்க்க ஆடி மாதம் எங்கள் பக்கம் வந்தால் போதும். தாம்பரம், முடிச்சூர், பம்மல், அனகாபுத்தூர் என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் ஈஸ்வரிதான். அவர் பாடிய அம்மன் பாட்டில்லாமல் ஆடி வெள்ளி விடியாது. கீழே அண்டாவில் கூழ். அடுப்பில் ஏறியது, தெருவே சேர்ந்து காய்ச்சியது, வரிசையில் வரும் எல்லோருக்கும் ஊற்றுவது. யார் கை என்று கேட்காமல் சொம்பை நீட்டுகிறோம். விரசம் என்று ஒதுக்கிய அதே குரலுக்கு அங்கே கையெடுத்துக் கும்பிடுகிறோம். குரல் மாறவில்லை. நாம் நிற்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

அப்புறம் அல்வா வந்தது

பிற்காலத்தில் சமைத்த இனிப்பு பாட்டின் முதல் வரிக்கு வராமல் இல்லை. 'எட்டுப்பட்டி ராசா' (1997) படத்தில் 'பஞ்சு மிட்டாய்' வருகிறது, ஆனால் சேலையின் நிறமாக. 'சாமி' (2003) படத்தில் திருநெல்வேலி அல்வா வருகிறது, மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஊர் அடையாளமாக. 'சரவணன் இருக்க பயமேன்' (2017) படத்தில் லாலா கடையே வந்துவிட்டது, ஒரு பெண்ணின் முகவரியாக. பண்டத்தின் பெயர் உள்ளே வந்துவிட்டது, பண்டம் இன்னும் வெளியிலேயே நிற்கிறது. இதற்கிடையில் 'அல்வா கொடுப்பது' என்றால் ஏமாற்றுவது என்று மொழியிலேயே அர்த்தம் மாறிப்போனது. நாவில் கரைய வேண்டியது கேலியாகக் கரைந்துவிட்டது.

தெருவிலும் கூவுவது குறைந்து வருகிறது. தாம்பரம் சண்முகம் சாலையில் தள்ளுவண்டிக்காரர்கள் பலர் இப்போது குரலைப் பதிவு செய்து சின்ன ஒலிபெருக்கியில் ஓடவிடுகிறார்கள். தொண்டை வலி மிச்சம், நல்லதுதான். ஆனால் வாங்குபவரின் முகத்தைப் பார்த்து விலையையும் கிண்டலையும் மாற்றிச் சொல்லும் அந்த நிமிஷ சாமர்த்தியம் பதிவில் வராது. ஈஸ்வரி ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நின்றுகொண்டு பிடித்து வைத்தது அதைத்தான். ஒவ்வொரு முறை அந்தச் சொல் திரும்ப வரும்போதும் புதிதாக ஒருவர் கூடைக்குப் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி பாடுகிறார்.

பழைய பாட்டுகளில் சிறந்த பத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல்களில் தேன் பாட்டுகளுக்கு எப்போதும் இடம் உண்டு; எலந்தப்பழம் வந்தால் 'குத்துப்பாட்டு' என்ற தனி வரிசையில் வரும். எனக்கு அந்தத் தனி வரிசை வேண்டாம். 'பாலும் பழமும்' பாட்டுக்குப் பக்கத்திலேயே அதை வைக்க வேண்டும். இரண்டையும் எழுதியது ஒரே கண்ணதாசன். இரண்டிலும் இனிப்பு என்பது வெறும் உவமை இல்லை. யாரோ ஒருவர் கையில் ஏந்தி நிற்கிற பொருள். ஒருவர் நோயாளியின் கட்டில் பக்கம் நிற்கிறார், இன்னொருவர் வெயிலில் நிற்கிறார். பழத்தின் ருசி அந்தக் கையோடு சேர்த்துத்தான் வரும். கையை மறைத்துவிட்டுப் பழத்தை மட்டும் கேட்பதற்கு நமக்கு உரிமை இல்லை.